இரண்டு முறை இருந்தவள்

திருப்பதிக் கோப்பில் அவள் குருவம்மா,
வயது ஐம்பத்திரண்டு, ஊர் நகரி.
வேலூர்க் கோப்பில் ஜி. குருவம்மாள்,
நாற்பத்தொன்பது, பொதட்டூர்பேட்டை.
கணவர் அங்கே வெங்கடேசலு, இங்கே வெங்கடேசன்.
அங்கே உயிரோடு இருக்கிறாள்,
மறுபரிசோதனைக்குத்தான் வரவில்லை.
இங்கே ஆவணி மாதம் இறந்துவிட்டாள்.

கணினி இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்து
எழுபத்தொரு சதம் ஒருத்தி என்றது.
மீதி இருபத்தொன்பதைத் தேடி
என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

கரும்புக்குள் எங்கோ மாநிலம் முடிந்து
மறுபடி தொடங்கி மறுபடி முடிந்தது.
கடைப் பலகைகள் எழுத்தை மாற்றிக்கொண்டன.
நகரியின் மூக்கு மலை மட்டும்
எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஜன்னலில் இருந்தது.

எட்டுத் தறி ஓடும் கொட்டகை.
மாதவிடாய் நின்ற வயதை
விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே
கத்திக் கேட்க முடியாது.
அதுவும் இல்லாதவளைப் பற்றி, அவள் புருஷனிடம்.
"ரெண்டு மணிக்கு கரண்ட் போவும், அப்ப கேளும்மா"
என்றார் சைகையும் உதடுமாக.
நூல் தூசி படிந்த முக்காலியில்
படிவத்தை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.

கரண்ட் போனது.
காதுக்குள் மட்டும் தறி இன்னும் ஓடியது.

"ஒருத்திதான்.
அவங்கம்மா வீட்டு அட்டைக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன்,
என் அட்டைக்கு இந்தப் பக்கம் கரண்டு வைத்தியம்.
வயசு புரோக்கர் போட்டது."
உண்மை வயசு?
"மூக்கு மலை மூணு நாள் எரிஞ்ச வருஷம்
பால் பல்லு விழுந்துச்சுன்னு சொல்லுவா."

அடுத்தது அவரைப் பற்றிய கேள்வி.
புகையிலை?
"எப்பனா."
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
எத்தனை என்று கேட்காதே, குறைத்துச் சொல்வார்கள்;
நாளின் முதலாவது எப்போது என்று கேள்.
டீக்கு முன்னாலயா, பின்னாலயா?
"டீக்கா? பல்லு வெளக்கறதுக்கே முன்னால."
சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.
பிறகு கணக்கு தானாக வந்தது.
பத்துத் தார் மாற்றினால் ஒரு சிட்டிகை.
ராத்திரி ஷிப்டில் கண் சொருகினால்
தாரைக் கணக்கிடுவதில்லை.
படிவத்தில் அலகு 'முறை / நாள்'.
விரல்விட்டுப் பார்த்துப் பதினான்கு என்று எழுதினேன்.

குருவம்மா?
"ஒரே பொட்டலம்தான்.
தறி இடுக்குல கை நீட்டுவா,
அவ பாதி, நான் பாதி."

பாதிக்குக் கட்டம் இல்லை.
அவருக்குப் பதினான்கு, அவளுக்குப் பதினான்கா?
இருவருக்கும் ஏழேழா?
அவள் வாய் மட்டும் ஏன் என்று
அவர் கேட்கவில்லை, நானும் திறக்கவில்லை.
கேட்டது வேறு:
"இந்தக் கணக்கெல்லாம் யாருக்கும்மா?"
எங்கோ ஒருவர், பேர் தெரியாமல்,
உங்களைப் போல் லட்சம் வரிகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பார்,
அதில் ஏதாவது புலப்பட்டால் என்று தொடங்கினேன்.
கரண்ட் வந்துவிட்டது.
எட்டுத் தறியும் ஒன்றாக என் பதிலைத் தின்றன.
அவர் தலையாட்டினார், பழக்கத்தில்.

மறுநாள் அலுவலகத்தில்
இரு வரிகளையும் தேர்ந்து ஒன்றாக்கினேன்.
உறுதியா என்று கேட்டது திரை.
திருப்பதியில் உயிரோடு இருந்தவள்
அந்த நொடியில் செத்தாள்.
இந்த ஆண்டின் வாய்ப்புற்று எண்ணிக்கையில்
ஒன்று குறைந்தது;
கூட்டத்தில் யாராவது அதை நல்ல செய்தி என்பார்கள்.
வயது ஐம்பத்தொன்று என்று போட்டேன்.
எரிந்த மலைக்குத் தேதி கிடைக்கவில்லை.

பகிர்வுக்கு அனுப்புமுன்
பெயர் போகும், ஊர் போகும், கதவு எண் போகும்.
குறிப்புப் பத்தியும் போகாது வெளியே,
இங்கேயே தங்கிவிடும்.
ஆகவே அதில் எழுதினேன்:
'ஒரே பொட்டலம். பாதி பாதி.'

கணினி அதற்குள் அடுத்த இருவரை நிறுத்தியிருந்தது.
சுப்பராயுலு, சுப்பராயன்.
அறுபத்தெட்டு சதம்.
இருவரும் உயிரோடு.